கீழே ஒரு புள்ளி

என் பெயருக்கு ஒரு புள்ளி உண்டு.
தலைக்கு மேல் வைப்பதல்ல, காலடியில்.
அது இருந்தால் நான் ஹான், நற்பண்பு.
இல்லாவிட்டால் வறண்ட காற்று,
உதடு வெடிக்கும் பருவம்.

மழலையர் பள்ளியில் யர்மிலா டீச்சர்
வாய்க்குள் நுழையவில்லை என்று
புள்ளியைக் கழற்றிவிட்டு
ஒரு காலை மாட்டிவிட்டார்: ஹானா.
நான்கு வயதில் அது நன்றாகத்தான் இருந்தது.
செக் நாட்காட்டியில் எல்லாப் பெயருக்கும் ஒரு நாள்;
ஆகஸ்ட் பதினைந்து ஹானாக்களுக்கு.
கேக் கிடைத்தது.

லுவோங் என்ற குடும்பப் பெயருக்கும்
பெண் என்பதால் ஒரு வால்: லுவோங்கோவா.
பள்ளி அட்டையில் அந்த வாலை
அப்பா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
"இது யார் வீட்டுப் பிள்ளை?"
சிரித்தாரா, நினைவில்லை.

ஹெப் நகரம், ஜெர்மன் எல்லையோரம்.
கீழே கடை, மேலே நாங்கள்.
காலை ஆறிலிருந்து இரவு பத்து வரை
ரொட்டி, பீர், ஊறிய வெள்ளரி, லாட்டரிச் சீட்டு.
ஒன்பதரைக்கு வரும் வோண்ட்ராச்செக்
சில்லறையை எண்ணியபடி கேட்பார்,
"நீ எங்கிருந்து வந்தாய்?"
"மாடியிலிருந்து."
அவர் குலுங்கிச் சிரிப்பார்.
நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

ஒன்பது வயதில்
வெளிநாட்டவர் காவல் அலுவலகத்தில்
அப்பாவுக்கு நான்தான் வாய்.
அதிகாரி சொன்னதில் பாதியை அப்பாவிடம் சொன்னேன்.
அப்பா சொன்னதில் பாதியை அதிகாரியிடம்.
மிஞ்சிய இரண்டு பாதிகளும்
என் தொண்டையிலேயே கிடந்தன,
ஒன்றோடொன்று பேசாமல்.

பதினாறில் நாம் தின் போனோம்.
சித்தி மகன் கியென்
என் பெயரைச் சொல்லச் சொன்னான்.
சொன்னேன்.
குரல் இறங்கவில்லையாம்,
இறங்கி அடைபடவில்லையாம்.
"வறண்ட காற்று வந்திருக்கு, கதவைச் சாத்துங்க!"
வீடே சிரித்தது, நானும்.
மறுநாள் சந்தையில் பழக்காரி
முகத்தைப் பார்த்து ஒரு விலை சொன்னாள்.
நான் வாயைத் திறந்ததும்
அதையே இரட்டிப்பாக்கினாள்.

அந்த டிசம்பர்
சதுக்கத்தில் நீலத் தொட்டிகள், தொட்டி நிறையக் கெண்டைகள்.
இங்கே கிறிஸ்துமஸ் இரவுக்கு அதுதான் சாப்பாடு;
உயிரோடு வாங்கிவந்து
இரண்டு நாள் குளியல் தொட்டியில் நீந்தவிடுவார்கள்.
ஊரோடு ஒத்து அப்பாவும் ஒன்று வாங்கினார்.
வாங்கியபின் வெட்டவிடவில்லை.
அங்கே, அடுப்பங்கரைத் தெய்வங்கள்
வருடக் கணக்கை ஒப்பிக்க வானேறிப் போவது
கெண்டையின் முதுகில்.
அந்த நாளுக்கு இன்னும் ஐந்து வாரம்.

ஐந்து வாரம்
மீன் தொட்டியில், நாங்கள் வாளியில் குளித்தோம்.
அம்மா திட்டினாள்.
பிறகு ரொட்டித் துணுக்கு போட்டாள்.
பிறகு யாருக்கும் சொல்லாமல்
அதற்கு ஒரு செக் பெயர் வைத்தாள்: பெபீக்.

ஜனவரிக் கடைசி.
ஆற்றின் ஓரம் உறைந்திருந்தது.
வோண்ட்ராச்செக் கடப்பாரையோடு வந்து
மூச்சிரைக்க ஒரு துளை போட்டார்.
"மேலே போய் இவன் என்ன சொல்வான்?" என்று கேட்டார்.
மொழிபெயர்க்க நான் வாயெடுப்பதற்குள்
அப்பாவே பதில் சொன்னார், செக் மொழியில்,
வேற்றுமைகள் எல்லாம் தப்பாக:
"கடைக் கணக்கு. வாடகை. இந்தப் பெண்.
நீயும், உன் பழைய கடனும்."
வோண்ட்ராச்செக் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

பெபீக் பனிக்கட்டிக்குக் கீழே
கொஞ்சநேரம் அசையாமல் நின்றது.
போகிறது போகட்டும், அதற்குமுன்
யாருடைய கணக்கு என்றாவது தெரியட்டும் என்று
துளையருகே குனிந்து என் பெயரைச் சொன்னேன்.
குளிரில் தொண்டை கட்டி
குரல் சரிந்து, அடியில் எதிலோ முட்டி
சட்டென்று நின்றது.

அப்பா வாளியைக் கீழே வைத்துவிட்டுத்
திரும்பிப் பார்த்தார்.

"என்ன, இருமலா?" என்றார் வோண்ட்ராச்செக்.