ஐந்தாவது சொல்

ஐந்து சொல் சொன்னார் டாக்டரம்மா.
குடை, மிளகு, சாவி, செவ்வாய்,
இன்னொன்று.
கடிகாரம் வரையச் சொன்னார், வரைந்தேன்.
நூறிலிருந்து ஏழு ஏழாய்க் கழித்தேன்.
முப்பத்தோரு வருஷம் ரேஷன் கடையில்
பில் போட்டவளுக்கு அதெல்லாம் ஒரு கணக்கா?
அப்புறம் அந்த ஐந்தையும் திருப்பிக் கேட்டார்.
நான்குதான் வந்தது.

நெஞ்சில் ஒரு ஸ்டென்ட். பிரஷர். சர்க்கரை.
"நடங்க. அங்கே ஓடுற ரத்தம்தான்
தலைக்கும் போகுது.
பேச முடியணும், பாட முடியக் கூடாது,
அதுதான் வேகம்."

ஷெனாய் நகர் பூங்கா, காலை ஐந்தே முக்கால்.
பைபாஸ் தழும்பு தெரியாமல்
சேலையை ஊசி குத்திக்கொண்டு
முன்னால் போகிறாள் பிலோமினா.
தக்காளி விலையைத் திட்டுகிறாள்.
பதில் சொல்ல முடிகிறது எனக்கு.
பாடச் சொன்னால் முடியாது.
நல்லவேளை, யாரும் சொல்லவில்லை.

காலுக்கடியில் மெட்ரோ ஓடுகிறதாம்.
இத்தனை நாளில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.
மேலே புல்,
நாய் பிடித்து வரும் பையன்,
முழங்கால் வலி.
கீழே, இருட்டில், குழாய்க்குள்
யார் யாரோ
நேரத்துக்குப் போய்ச் சேர்கிறார்கள்.

நாலாவது மாதம், மூன்றாவது சுற்று,
கழிப்பறைத் திருப்பத்தில்
சும்மா வந்து நின்றது:
ஓடம்.

"என்னது?" என்றாள் பிலோமினா.
"ஓடம்டீ, ஓடம்!"
"இங்கே ஏது ஓடம்?"

அந்தச் சொல்தானா,
நானாகச் செய்துகொண்டதா,
தெரியாது.
டாக்டரம்மாவைப் பார்க்க இன்னும் பதினாறு நாள்.
அதுவரை கையில் வைத்துக்கொண்டு
சுற்றுகிறேன்.