புல எண் 214/2

திருவலத்து இரும்புப் பாலத்துக்குக் கீழே
பொன்னையாறு இடுப்பை ஒடிக்கிற இடத்தில்
தனகோட்டிக்கு ஒரு ஏக்கர் இருபது சென்ட்.
வெள்ளம் வடிந்த ஒன்பதாம் நாள்
டேப்போடும் புலப்படத்தோடும் போய் நின்றேன்.
அறுபத்தெட்டு சென்ட் இருந்தது.
மீதி இருந்த இடத்தில் காற்று.
அதற்குக் கீழே, இரண்டாள் ஆழத்தில்,
எதுவும் தெரியாததுபோல் தண்ணீர்.

பஸ் திரும்பும்போது
நிற்கிறவர்கள் ஒரு பக்கமாய்ச் சரிவார்களே,
வளைவில் ஆறும் அப்படித்தான்.
வெளிக்கரைமேல் மொத்த பாரமும் விழும்.
கரையின் மேல்புறத்தைத் தொடாது;
பாய்க்கு அடியில் கைவிட்டுக் காசு எடுப்பதுபோல்
அடிமணலை மட்டும் உருவும்.
மேலே கரும்பு நிற்கும், வேர் அந்தரத்தில் தொங்க,
ராத்திரி முழுக்க.
விடியற்காலை ஒரு சத்தம்.
"லாரி ஜல்லி கொட்டினா மாதிரி சார்.
எழுந்து பாத்தா கொட்டாய் இல்ல,
மோட்டார் இல்ல,
மோட்டாருக்கு வந்த கம்பி மட்டும்
போஸ்ட்லேர்ந்து ஆத்துக்குள்ள போவுது."

வடகிழக்கு மூலை அளவைக்கல்லை ஆற்றுக்குள் பார்த்தேன்.
அடித்துக்கொண்டு போகவில்லை.
தன் முன்னால் நீர் தோண்டிய குழியில்
நீர் வந்த திசையைப் பார்த்தே
குப்புற விழுந்து கிடந்தது.

கொஞ்சம் மேலே, ஆறு அகன்று மெலிந்த இடத்தில்
வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அக்கரை ஏறினோம்.
முனவ்வர் பாஷாவின் நடவுக் கழனிமேல்
முழங்காலுக்குமேல் மணல்.
யாரோ சல்லடை போட்டுப் பிரித்ததுபோல்
தலைமாட்டில் கூழாங்கல்,
ஓடு வேய்ந்தாற்போல் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து;
நடுவில் பருமணல்; கால்மாட்டில்
கால் வைத்தால் வழுக்குகிற வண்டல்.
ஆறு களைக்கக் களைக்க
கையில் இருந்ததில் கனமானதை முதலில் போட்டிருக்கிறது.

தனகோட்டி குனிந்து ஒரு பிடி அள்ளினார்.
"இது என் மண்ணு. எழுதிக்குங்க."
"எடுத்துட்டுப் போங்க ஐயா" என்றார் பாஷா,
"இன்னைக்கே எடுத்துட்டுப் போங்க.
இதுக்குக் கீழ என் நெல்லு கிடக்குது.
ராத்திரி ஆனா டிராக்டர்காரன் வேற
விலை கேட்டுட்டு வரான்."

எனக்குத்தான் சொல்ல வேண்டியிருந்தது.
வளைவில் அறுத்ததை ஆறு எதிர்க்கரையில் வைக்காது.
பெரும்பாலும் அதே கரையோரமாய் இழுத்துப்போய்
அடுத்த வளைவின் மடியில் போடும்.
இந்த மணல் மேலே இருந்து வந்தது.
சித்தூர்ப் பக்கம் யாரோ ஒருவரின்
வேர்க்கடலைக் கொல்லையாக இருக்கலாம்.
உங்களுடையது பாலாற்றுக்குள் போயிருக்கும்.
அதில் மெல்லியது
அணைக்கட்டுக் கால்வாயில் ஏறி, கலங்கலாய்,
காவேரிப்பாக்கம் ஏரியின் அடியில்
இந்நேரம் படிந்துகொண்டிருக்கும்.

ரொம்ப நேரம் அவர் பேசவில்லை.
கையில் இருந்த மணலை
கொட்டுவதா வைத்துக்கொள்வதா என்று தெரியாமல்
கடைசியில் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

திரும்பி வந்து அவர் கரையில் உட்கார்ந்து
படிவம் நிரப்பினேன்.
பயிர்ச் சேதத்துக்குக் கட்டம் இருந்தது,
வீட்டுக்கு, மாட்டுக்கு, ஆட்டுக்கு இருந்தது.
நிலமே போனதை
குறிப்பு என்கிற இடத்தில் நுணுக்கி எழுதினேன்.
"கிஸ்தி ஒரு ஏக்கர் இருபதுக்கும் கட்டணுமா சார்?"

பதில் சொல்ல வாயெடுத்தபோது
எங்களுக்கு மூன்றடி தள்ளி
மயிரிழையாய் ஒரு வெடிப்பு ஓடியது.
ஒரு கரும்புத் தூர், அவசரமே இல்லாமல்,
நின்றவாக்கிலேயே இறங்கிப் போனது.
டேப்பைச் சுருட்டிக்கொண்டு பின்னால் நகர்ந்தோம்.
அறுபத்தெட்டை அடித்துவிட்டு
அறுபத்தேழரை என்று எழுதினேன்.