எண்ணெய் வைக்காமல் வரவும்

குறுஞ்செய்தியில் அவ்வளவுதான் இருந்தது.
ஷாம்பூ போட்டுக் குளித்துவிட்டுப்
பசுமலைக்கு பஸ் ஏறினேன்.
முந்நூறு ரூபாயும் ஒரு டீயும் தருவார்கள்.

நீச்சல் தொப்பி மாதிரி ஒன்று.
முப்பத்திரண்டு ஓட்டை. ஒவ்வொன்றிலும்
ஊசியில்லாத சிரிஞ்சால் பசை விட்டாள் பெனிட்டா.
"பல்லைக் கடிக்காதீங்க. ரொம்ப இமைக்காதீங்க.
எல்லாம் கோட்டுல விழுந்துரும்."

இருட்டில் ஒரு திரை.
கிளி, கலங்கரை விளக்கம், சிவப்புத் தொப்பி,
திரும்பவும் கிளி.
கொஞ்சம் கொஞ்சமாய்க் கெடுத்து வைத்திருந்தார்கள்:
இறகில் புகை, வானத்தில் படிக்கட்டு.
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மார்க் போட வேண்டும்.
சிம்மக்கல்லில் பதினோரு வருஷமாய்
பிளெக்ஸ் அடிக்கிறவன் நான்.
எதைக் காட்டினாலும் "சூப்பர்ணே" என்று
வாய் பழகிவிட்டது. விரலும்.

முடிந்ததும் கோடுகளைக் காட்டினாள்.
"இந்தக் கிளிக்கு நாலு குடுத்திருக்கீங்க.
ஆனா பட்டனைத் தொடுறதுக்கு முந்தியே
உங்க பிடரி மூஞ்சியைச் சுளிச்சிருச்சு."
அரை நொடிகூட ஆகவில்லையாம்.
வீட்டில் குழம்பு நல்லாருக்கு என்று சொன்னதெல்லாம்
வரிசையாய் ஞாபகம் வந்தது.
பிடரியைத் தடவினேன். பிசுபிசுத்தது.

செவ்வாய்க்கிழமை, கடையடைக்கிற நேரம்,
செல்லம்பட்டியிலிருந்து ஒருவர்.
பெண்சாதி ஒச்சம்மாள். பதினாறாம் நாள்.
பத்துக்கு எட்டு, கண்ணீர் அஞ்சலி.
போனில் இருந்தது ஒரே படம்.
யார் வீட்டுக் காதுகுத்திலோ, பந்தல் ஓரமாய்.
நாற்பது கேபி.
பெரிதாக்கினால்
கண்ணுக்கு மொத்தம் ஆறு கட்டம்.

மென்பொருளில் போட்டேன்.
கன்னம் வழவழத்தது, இமைமுடி முளைத்தது,
பல்கூட வரிசைக்கு வந்துவிட்டது.
தொப்பி மாட்டியிருந்தால் என் பிடரி
அஞ்சு கொடுத்திருக்கும்.

அவர் ஒரு எட்டுப் பின்னால் போனார்.
"நல்லாத்தேன் இருக்கு" என்றார்,
திரையைப் பார்க்காமல்
மேசை மேலிருந்த பசை டப்பாவிடம்.

பதினோரு வருஷத்தில் முதல் தடவையாய்
ஒரு வாயை நான் நம்பவில்லை.
பழையதைத் திறந்தேன்.
ஆறு கட்டம்.
அவர் விரல் கண்ணாடியைத் தொட்டது.
"வெயில்ல நின்னா இப்படித்தேன்
கண்ணைச் சுருக்குவா."

அப்படியே அடித்துக் கொடுத்தேன்.
உசிலம்பட்டி ரோட்டில் கட்டியிருக்கிறார்கள்,
கீழே என் கடைப் பெயரும் நம்பரும்.
தொழில் தெரியாதவன் என்று
இதுவரை ரெண்டு பேர் போனில் சொல்லிவிட்டார்கள்.

சனிக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறாள் பெனிட்டா.
எண்ணெய் பாட்டிலை எடுத்து
மூடியைத் திறந்து
திரும்ப அலமாரியில் வைக்கிறேன்.