காலியிடம்

வள்ளியூர் தாண்டியதும் கல்லூரிப் பேருந்தின்
இடப்பக்கச் சன்னலில் காற்றாலைகள் தொடங்கும்.
பணகுடி வரை நாற்பத்தாறு.
இன்று சுற்றாமல் நிற்பவை ஏழு.
ஏழு வந்தால் கிடைக்கும் என்று நேற்று வைத்திருந்தேன்.
இன்று, ஒற்றைப்படை ஆகாது என்று
மாற்றிக்கொண்டேன்.
நிகழ்தகவில் தொண்ணூற்றொன்று வாங்கியவள்
செய்கிற வேலையா இது.

ஒழுங்காகப் போட்டால் கணக்கு இப்படி:
கிண்டியில் என் பிரிவில், மூன்றாம் பருவத்துக்கு,
காலியிடம் ஒன்று.
ஒன்று என்று சொன்னவன் பெனிட்டாவின் சித்தப்பா மகன்.
அவன் சொல் மெய்யாவது பாதிக்குப் பாதி.
முதல் பருவத்தில் எனக்கு எட்டு புள்ளி ஒன்பது.
இரண்டாவது இன்னும் வரவில்லை;
இயற்பியலில் கடைசிக் கேள்விக்குப் படம் மட்டும் போட்டேன்,
அம்புக்குறி எந்தப் பக்கம் என்று
வண்ணார்பேட்டையில் இறங்கும்வரை யோசித்தேன்.
மாநிலம் முழுக்க எத்தனை பேர்
இப்படிச் சன்னலோரம் விரல் மடக்குவார்கள்?
இருநூறு என்று வை.
சிபாரிசு உள்ளவர்கள் பத்து. அவர்களைக் கழி.
கழிக்கக் கூடாது,
அவர்களைத்தான் முதலில் உட்கார வைக்க வேண்டும்.
சரி, அவர்கள் இல்லை என்றே வை.
கால் சதவீதம்.

தடையில்லாச் சான்று கேட்டு அலுவலகத்தில் நின்றேன்.
சுயம்புலிங்கம் சார் பேரேட்டிலிருந்து தலை தூக்கவில்லை.
"ஆவுடைச்செல்வி, இங்க என்னம்மா கொறச்சல்?
மிச்ச மூணு வருசப் பீசக் கட்டிட்டு
டி.சி.ய வாங்கிட்டுப் போ.
ஒரு தடையும் இல்ல."

ராத்திரி அப்பா கேட்டார்,
நயினார்குளம் மார்க்கெட்டின் வெங்காயச் சருகு
சட்டைப்பையில் ஒட்டியிருக்க:
"கெடைக்குமா, கெடைக்காதா?"
"கால் சதவீதம்பா."
"காலுன்னா நாலுல ஒண்ணா?"
"நானூறுல ஒண்ணு."
கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார்.
"ஒண்ணு இருக்குல்லா" என்றார்.
லோடு ஆட்டோவுக்குத் தார்ப்பாய் போடப் போய்விட்டார்.
பீஸ் விஷயத்தை நான் இன்னும் சொல்லவில்லை.

சாயங்காலப் பேருந்தில் பெனிட்டா கேட்டாள்:
"அந்த எடம் எப்பிடி காலியாச்சு?"
மெடிக்கல் கிடைத்துப் போயிருப்பான் என்றேன்.
"போயிருப்பான்னு உனக்குத் தெரியுமா?"
தெரியாது.
நாங்குநேரி வரும்வரை இரண்டு பேரும் பேசவில்லை.
எவனோ ஒருவன் பாதியில் எழுந்துபோன பெஞ்சு
எங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்தது.

டோல்கேட்டில் வண்டி நின்றபோது
பையிலிருந்து அவள் ஒரு தாளை எடுத்தாள்.
மடிப்பு கலையாத தாள்.
என்னிடம் இருக்கிற அதே விண்ணப்பம்.
"ஏட்டி, இடமாற்றம் கோரும் காரணம்னு
ஒரு கட்டம் இருக்குல்லா,
அதுல நீ என்ன எழுதியிருக்க?"

இருநூற்றொன்று.

"குடும்பச் சூழ்நிலை" என்றேன்.
"எல்லாரும் அதத்தான எழுதுவாவ" என்றாள்,
பேனா மூடியைக் கடித்தபடி.
என் பேனாதான் அது.