சமத்துப் பிள்ளை

காலை ஐந்தரைக்கு, வெறும் வயிற்றில்,
ஒரு வெள்ளை மாத்திரை.
அரைமணி கழித்துத்தான் காப்பி.
அந்த அரைமணியில்
காட்பாடியில் பஸ் ஏறிப் பாலாற்றுப் பாலத்தைக் கடந்துவிடுவேன்.

பாலத்துக்குக் கீழே ஆறு இல்லை.
மணல் அள்ளிய குழி ஒன்றில்
ஐப்பசி மழை கொஞ்சம் மிச்சமிருக்கிறது.
ஞாயிற்றுக்கிழமை இறங்கிப் போய்ப் பார்த்தேன்:
தலைப்பிரட்டைகள்.
யாரோ கைதவறிக் கொட்டிய காற்புள்ளிகள்.
தண்ணீர் வற்ற வற்ற
அவற்றின் ரத்தத்தில் ஓர் அவசரம் ஏறுகிறது.
அந்த அவசரத்தின் பெயரும்
என் மாத்திரையின் பெயரும் ஒன்று.
தைராக்சின்.

நாலு அயோடின் சுமந்து வரும் சின்ன உருப்படி.
செல்லுக்குள் நுழைந்ததும் ஒன்றைக் கழற்றிவிடுவார்கள்;
மூன்றோடுதான் கருவறைக்குள் அனுமதி.
அங்கே டி.என்.ஏ. மேலேயே
ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறான் காவலாளி,
எங்கள் கேட் ஏகாம்பரம் மாதிரி.
யாரும் வராதபோதும் வாய் ஓயாது:
'மூடியிருக்கு, மூடியிருக்கு.'
இது வந்து மடியில் அமர்ந்தால்
அதே ஆள், அதே நாற்காலி,
'தொறந்துதான் இருக்கு, வாங்க' என்கிறான்.
மூடிக்கிடந்த பக்கம் வாசிக்கப்படுகிறது.

உடம்பு முழுக்கப் போவது ஒரே சொல்.
வாலில் அதைக் கேட்ட செல்கள்
தம்மைத் தாமே கரைத்துக்கொள்கின்றன.
இடுப்போரம் கேட்டவை கால் ஆகின்றன.
வால். கால்.
ஓரெழுத்து வித்தியாசம்.
தமிழில் தற்செயலாக அமைந்தது, அவ்வளவுதான்,
நான் அதில் அர்த்தம் எதுவும் தேடவில்லை.
தேடினேன்.

செவ்வாய்க்கிழமை, முதல் தட்டு.
பிறந்த ஐந்தாம் நாள் குதிகாலில் குத்தி எடுத்தது,
அட்டையில் காய்ந்த வட்டம்.
பேரணாம்பட்டு. ஷாஹிதாவின் குழந்தை. பெண். பெயர் வைக்கவில்லை.
டி.எஸ்.எச். தொண்ணூற்றாறு.
தேவகிருபை இன்னொரு தரம் ஓட்டிப் பார்த்தாள்.
தொண்ணூற்றெட்டு.

மூளைக்கு அடியில் ஒரு பட்டாணி
தொண்டை கிழியக் கூப்பிடுகிறது;
கழுத்திலிருந்து பதில் இல்லை
என்று அதற்கு அர்த்தம்.

'நீங்கள் அழைக்கும் எண்
தற்போது தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளது.'
பத்தரைக்கு. பதினொன்றுக்கு. பன்னிரண்டேகாலுக்கு.
நானும் அந்தப் பட்டாணியும் ஒரே வேலை பார்த்தோம்.

ஒன்றரைக்கு அப்பா எடுத்தார்.
பின்னால் தோல் உருளும் டிரம் சத்தம்.
குழந்தை எப்படி இருக்கு?
'ரொம்ப சமத்துங்க மேடம்.
அழுவறதே இல்ல. தூங்கிக்கினே கீது.
தெருவுல எல்லாருக்கும் ஆச்சரியம்.'

அழுத பிள்ளை பால் குடிக்கும். சரி.
அழுவதற்கே யாரோ உள்ளே போய்
மடியில் உட்கார வேண்டியிருக்கிறது என்பதை
அந்த டிரம்முக்கு மேலே எப்படிக் கத்துவது?
இன்னைக்கே கூட்டிட்டு வாங்க என்றேன்.
'இன்னைக்கேவா?'
இன்னைக்கே.

நாலரைக்கு வந்தார்கள்.
தடித்த நாக்கு, மஞ்சள் பூத்த முகம்,
எதையும் கேட்காத தூக்கம்.
மாத்திரையை நசுக்கிக்
கரண்டித் தாய்ப்பாலில் கலக்கினார் நர்ஸ்.
என் கைப்பையில் இருப்பதும் அதே கம்பெனி.
ஷாஹிதாவின் கை நடுங்கிப் பாதி மோவாயில் வழிந்தது.
விரலால் வழித்து மறுபடி ஊட்டினாள்.

ஒன்றும் நடக்கவில்லை.
உடனே நடக்காது.
வாசிக்க வேண்டும், எழுத வேண்டும், கட்ட வேண்டும்.
அதற்குள் குழி வற்றாமல் இருக்க வேண்டும்.

பதினோராம் நாள் அவரே கூப்பிட்டார்.
'மேடம், ராத்திரி பூரா கத்துது.
பக்கத்து வூட்டுக்காரங்க சண்டைக்கு வராங்க.
மருந்து ஜாஸ்தியாயிடுச்சா?'

வியாழக்கிழமை ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றேன்.
பேர் வச்சாச்சா என்றேன்.
'என்னாங்க?'
பேர், பேர் வச்சாச்சா?
'கேக்கல மேடம்,' என்றார்,
'இவ போடற சத்தத்துல ஒண்ணுமே கேக்கல.'