இடம்வலம்

போஜராஜ் ரெண்டு தட்டில் திறந்து கொடுத்துவிட்டுப் போய்விட்டான்,
அவனுக்கு மொபைல் கடை பூட்டணும்.
எனக்கு முன்னால் ஒரு நீலக்கோடு.
ஜூனில் ஏறி
அக்டோபரில் மரப்பாலத்து மண்போலச் சரிந்து கிடக்கிறது.

முப்பத்தொரு பேர் சேர்ந்தார்கள்.
ஆரஞ்சு பெல்ட் கட்டியதோடு மிச்சம் பன்னிரண்டு.
குளிர் என்றேன், டியூஷன் என்றேன்.
இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்றுகூட
கீழே உரக்கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன்,
அவர் வாடகை கேட்டு மாடியேறி வந்தபோது.

கணக்கு வேறு சொல்கிறது.
செவ்வாய், வியாழன், மாலை ஆறு ஐம்பது:
எங்கள் தளத்தில் ‘வகுப்பு நேரம்’ பக்கம் திறக்கிறது.
ஐந்து பேர், ஆறு பேர், ஒரே நிமிடத்தில்.
ஆறு ஐம்பதுக்குத்தான் நான் விசிலைப் பையில் போட்டு
ஷட்டர் இறக்குவேன்.
அப்போது அவர்கள் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில்.
கட்டபெட்டு வண்டி போய்விட்டது.
வியர்வை காயாத வெள்ளைச் சட்டையில் பிள்ளை நடுங்க
ஒரு கையில் குடை,
மறுகைக் கட்டைவிரல் தேடுகிறது,
இதைவிட முன்னால் ஒரு வகுப்பு உண்டா என்று.
இல்லை.
நாற்பத்தொரு வினாடி. பக்கம் மூடுகிறது.

கால் நிற்பதற்கு மூன்று வாரம் முன்பே
விரல் நின்றுவிடுகிறது.

நாலே முக்கால் என்று மாற்றி எழுதினேன்.
வேறென்ன செய்ய.

இன்னொரு எண்ணும் இருந்தது.
முதல் கட்டாவின் வீடியோ: பார்வை நூற்றுப் பன்னிரண்டு,
பார்த்தவர் ஒருவர்.
ஊர் கோயம்புத்தூர் என்கிறது.
இங்கே எல்லாரையும் அது கோயம்புத்தூர் என்றுதான் சொல்லும்,
மலை ஏறி வந்து பார்த்ததில்லை.
இரவு ஒன்பதே முக்காலுக்கு மேல்.
ஒவ்வொரு தரமும் பதினெட்டாவது வினாடியில் நிறுத்தி,
பின்னால் இழுத்து, மறுபடி.
அந்த வினாடியில்தான் என் குதிகால்
கொஞ்சம் தடுமாறும்.

ஜனவரியில் லிதன்யா வந்தாள், ஜூலையில் நின்றவள்.
வளர்ந்திருந்தாள், சட்டைக் கை முழங்கைக்கு ஏறியிருந்தது.
எங்கே, செய் என்றேன்.
வணங்கினாள். வலப்பக்கம் திரும்பினாள்.

முதல் அடி இடப்பக்கம்.
எல்லாம் மறந்தாலும் மறக்காத அடி.
திருத்த வாயெடுத்தேன்.
அடுத்ததும் மாறி, அதற்கடுத்ததும் மாறி,
ஒரு பிசகு இல்லாமல்
கண்ணாடிக்குள் இருப்பவள்போல அவள் செய்துகொண்டே போனாள்.
சரியாக அந்த இடம் வந்ததும்
குதிகால் தடுமாறினாள், என்னைப் போலவே.

ஃபிளாஸ்க்கில் போனைச் சாய்த்து
முன்கேமராவில் நானே எடுத்தது அது.
பின்னால் பேனரில் பள்ளியின் பெயர் இடம்வலம் புரண்டு நிற்பதை
எட்டு மாதமாய் நான் பார்க்கவில்லை.
அவள் பார்த்திருப்பாள்.
யாரிடம் கேட்பாள்?

வீடியோவை மாற்றணும். நாளைக்கு.
இன்று அவள் பக்கத்தில் போய் நின்று
வலப்பக்கம் திரும்பினேன் நானும்.
பதினெட்டில் ரெண்டு பேரும் தடுமாறினோம்.
நாலே முக்கால் பிள்ளைகள்
எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல்
முஷ்டியை மடக்கியபடி நின்றார்கள்.