பச்சைத் தெரு

வெர்நென் பள்ளத்தாக்கின் வரைபடம்
ஐந்து மாதமாக என் மேசையில் விரிந்து கிடக்கிறது.
பதினோராயிரத்து நானூறு கூரைகள்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுப்பது என் வேலை.
சம்பளம் மாவட்ட மன்றம் தருகிறது.

வெப்பப் பம்புக்கு மஞ்சள்.
மூடிய நிலக்கரிச் சுரங்கங்களில் தேங்கிய
வெதுவெதுப்பான நீரைக் குழாயில் ஏற்றலாம் என்ற இடம் நீலம்.
சுவருக்குப் போர்வை போர்த்த வேண்டிய வீடு சிவப்பு.
ஏற்கெனவே குறைவாகச் செலவழிக்கிற வீடு பச்சை;
கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

டிராம்பாதைத் தெரு முழுக்கப் பச்சை.
முப்பத்திரண்டு வீடுகள், ஒன்றின் தோளில் ஒன்று.
கணினி மெச்சியது. நானும் மெச்சினேன்.
அறிக்கையின் அட்டையில்
அந்தத் தெருவின் படத்தைப் போடலாமா என்றுகூட
யோசித்தேன்.

நவம்பர் கூட்டம் ரக்பி கிளப்பின் மாடியில்.
தலைவர் ஐட்வல் பென்றி
2040 என்ற எண்ணை மூன்று முறை சொன்னார்,
கைதட்டலுக்கு இடம் விட்டு.
மலைமுகட்டில் காற்றாலை என்றதும் முகம் சுளித்தார்.
கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.
மின்நிறுவனப் பொறியாளர் நெஸ்ட்டா
துணைமின் நிலையம் தாங்கும் அளவைச் சொல்லிவிட்டு
உட்கார்ந்தாள். சட்டியில் இருந்தால்தானே
அகப்பையில் வரும்.
அந்த நேரம் பார்த்து
இரண்டு தேநீர்க் கெண்டியும் ஹீட்டரும் ஒன்றாக ஓட
விளக்கு போயிற்று.
எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

இருட்டில் ஒரு குரல்:
"என் வீடு என்ன நிறம்?"

டெலித் ப்ராஸர், டிராம்பாதைத் தெரு, பதினேழு.
முதல் பேருந்தை ஓட்டுகிறவள்,
சீருடையோடு வந்திருந்தாள்.
"பச்சை" என்றேன், நல்ல செய்தி சொல்கிறவனின் குரலில்.
"அப்படியா. வந்து பாருங்கள்."

வியாழக்கிழமை போனேன்.
கோட்டைக் கழற்றச் சொல்லவில்லை;
அவளே கழற்றியிருக்கவில்லை.
கூடத்தில் பதினொரு டிகிரி.
படுக்கையறை மூலையில் கறுப்புப் பூஞ்சை,
அதற்கும் எல்லைகள், தீவுகள் எல்லாம் இருந்தன.
எட்டு வயது மாக்சென்
கையுறை போட்டுக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதினான்,
வரிக்கு வரி இருமல்.
முன்பணம் கட்டி ஓட்டும் கேஸ் மீட்டரைக் காட்டினாள்:
0.00

நிகரச் சுழியம்.
நாங்கள் 2040இல் போய்ச் சேரவேண்டிய இடத்துக்கு
இந்தத் தெரு செவ்வாய்க்கிழமையே போய்விடுகிறது.
சம்பளம் வெள்ளிக்கிழமைதான்.

திரும்பி வந்து முப்பத்திரண்டு பச்சைகளை அழித்தேன்.
சிவப்பு பூசுவது எளிது.
கஷ்டம், தேவை என்ற கட்டத்தில் புது எண் எழுதுவது:
இவர்கள் எரிக்காமல் விட்ட வெப்பத்தையும் சேர்த்து.
அப்படிப் பார்த்தால்
மேட்டுத் தெரு? சேப்பல் சந்து? பழைய இரும்பாலைக் குடியிருப்பு?
கிணறு வெட்டப் பூதம்.
இறங்க வேண்டிய கோடு
முதல் நான்கு வருடம் ஏறியது.

ஐட்வல் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார்.
"கோடு தப்பாகப் போகிறதே."
"இப்போதுதான் சரியாகப் போகிறது. முன்பு நான் வரைந்ததுதான் தப்பு."
"மே மாதம் தேர்தல், ஞாபகம் இருக்கட்டும்."
இருக்கிறது.
நெஸ்ட்டா எண்களை இரண்டு முறை படித்தாள்.
அந்தத் தெருவின் மின்மாற்றியைப் பட்டியலில்
பத்தொன்பதாம் இடத்திலிருந்து
நான்காம் இடத்துக்கு ஏற்றினாள்.
யாரும் ஏன் என்று கேட்கவில்லை,
கூட்டக் குறிப்பிலும் அது இல்லை.

டெலித்துக்கு ஃபோன் செய்தேன்:
சுவர்கள் முதலில், சுரங்க நீர் அப்புறம்.
"எந்தக் குளிர்காலம்?" என்றாள்.
அட்டவணையில் வருடத்துக்குத்தான் கட்டம்,
குளிர்காலத்துக்கு இல்லை.
2029 என்றேன்.
விரல்விட்டு எண்ணுவது ஃபோனில் கேட்காது.
"மாக்சென் பெரிய பள்ளிக்கூடத்தில் இருப்பான்" என்றாள் கடைசியில்.
எங்கோ ஒரு கடைசி நிறுத்தத்தில்
பேருந்தின் கதவு
பெருமூச்சு விட்டு மூடியது.